தோள் நோவுக்குத் தொலைபேசி வழியே உளச்சிகிச்சை: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

உளவியலாளரிடம் போகச் சொன்னார்கள் என்றால், உங்கள் நோவைப் பொய் என்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். எட்டு மாதம் வீணாகப் போனது. இருபத்திரண்டு வருடம் உயிரியல் படிப்பித்தவள் நான். நரம்புத் தொகுதியைக் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் வரைவேன். ஆனால் வலது தோளும் கழுத்தும் ஒரு வருடமாக உளைந்துகொண்டிருக்க, எக்ஸ்ரேயிலும் இரத்தத்திலும் எதுவும் அகப்படாமல், "உளவியலாளர் ஒருவரோடும் கதைத்துப் பாருங்கள்" என்று வைத்தியர் சொன்னபோது, எனக்கு விசர் என்கிறாரா என்ற கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது.

கோபம் ஆறிய பிறகு பார்த்தால், நான் படிப்பித்த பாடமேதான் அது. மூன்று மாதத்துக்கு மேல் நீடிப்பதை நாட்பட்ட நோ என்று மருத்துவம் வகுக்கிறது. தசையில் பட்ட காயம் அதற்குள் பெரும்பாலும் ஆறிவிடும்; காவலுக்கு வைத்த நாய் போன்ற நரம்புதான் பழக்கத்தில் குரைத்துக்கொண்டே இருக்கும். ரொனால்ட் மெல்சாக், பற்றிக் வோல் என்ற இருவர் 1965இல் முன்வைத்த கொள்கைப்படி, முண்ணாணில், அதாவது முதுகுத் தண்டுவடத்தில், படலை போன்றதோர் ஏற்பாடு உண்டு. உடம்பிலிருந்து மூளைக்குப் போகும் சேதியை அது கூட்டியும் குறைத்தும் விடும். முழங்கை கதவில் இடிபட்டதும் நாம் தேய்த்துக்கொள்வது ஏன் சுகமாக இருக்கிறது என்பதற்கு அதில் விளக்கம் கிடைத்தது. மூளையிலிருந்து இறங்கி வரும் சேதியும் அதே படலையைத் திறக்கும், சாத்தும். பயமும் நித்திரையின்மையும் அகலத் திறந்துவிடுகின்றன. கொள்கை பின்னர் பல திருத்தங்களைக் கண்டாலும் அந்த அடிப்படை நிற்கிறது. உளச்சிகிச்சை அந்தப் படலையில் கை வைப்பது மூளைப் பக்கமிருந்து. தோளில் நோ இல்லை என்று யாரும் சொல்லவில்லை.

எவ்வளவு பலன் எதிர்பார்க்கலாம்? தொலைவழி உளச்சிகிச்சை பற்றி கொக்ரேன் அமைப்பு 2023இல் தொகுத்த ஆய்வு மதிப்பீடு ஒன்று உண்டு. தலையிடி தவிர்ந்த நாட்பட்ட நோ உள்ள பெரியவர்கள் ஏறத்தாழ 4,900 பேர், 32 ஆய்வுகள். அறிகை நடத்தைச் சிகிச்சை (நினைப்பையும் பழக்கத்தையும் திருத்தும் முறை) நோவையும் அன்றாட முடக்கத்தையும் சிறிதளவு குறைக்கிறது என்று அதில் தெரிந்தது. சிறிதளவு. அந்தச் சொல்லை மறைத்து உங்களைக் கூட்டிக்கொண்டு போக எனக்கு விருப்பமில்லை. என் கணக்கில் அந்தச் சிறிதளவு என்பது, பத்துக்கு ஏழாக இருந்த நோ ஐந்தானது; இருபத்தைந்து நிமிடத்தில் கைவிட்ட கொப்பி திருத்தலை ஐம்பது நிமிடம் செய்ய முடிந்தது. எனக்கு அது போதும்.

முதலில் உடம்பு

அழைப்புக்கு நேரம் குறிக்குமுன் வைத்தியரிடம் ஒழுங்காக ஒருமுறை காட்டிவிடுங்கள். தைரொயிட் சுரப்புக் குறைந்தாலும் விட்டமின் டி குறைந்தாலும் தசை உளையும். கொலஸ்ட்ரோலுக்குப் போடும் ஸ்டாற்றின் வகைக் குளிசைகள் சிலருக்குத் தசைநோவைக் கொடுக்கும். ஐம்பது வயது தாண்டியவருக்கு இரண்டு தோள்களும் இடுப்பும் காலையில் முக்கால் மணிநேரத்துக்கு மேல் இறுகிக் கிடந்தால் அது வேறொரு நோயாக இருக்கலாம்; ஈ.எஸ்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனை அதைக் காட்டிக்கொடுக்கும், அதற்குத் தனி மருந்தும் உண்டு. காரணமில்லாமல் நிறை குறைவது, விடாத காய்ச்சல், கை கால் பலமிழப்பது இவற்றில் எது இருந்தாலும் உளவியலாளர் பிறகு. நாரி (இடுப்பின் பின்பக்கம்) நோவோடு சலமோ மலமோ அடக்க முடியாமல் போனால், அல்லது தொடையிடுக்கு உணர்வில்லாமல் விறைத்தால், அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இலங்கையில் 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

போடுகிற குளிசைகளை நீங்களாக நிறுத்த வேண்டாம். சித்த வைத்தியரின் எண்ணெய் பூசுகிறவர்கள் பூசுங்கள். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவரிடம் போகாமல் இருந்தால் சரி.

ஆளைத் தேடுதல்

மூன்று வகை ஆட்களை நாங்கள் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். உளமருத்துவர் மருந்து எழுதும் வைத்தியர். மருத்துவ உளவியலாளர் மருந்து எழுத மாட்டார். பயிற்சியும் உரையாடலும் அவருடைய தொழில். உளவளத்துணையாளர் மனச்சுமையைக் கேட்டு வழிப்படுத்துகிறவர். நாட்பட்ட நோவுக்கு, நடுவில் சொன்ன மருத்துவ உளவியலாளரைத் தேடுங்கள். ஊரிலேயே விசாரிப்பதானால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவிலும் சாந்திகம் என்ற உளவளத்துணை நிலையத்திலும் தொடங்கலாம். கொழும்பிலோ சென்னையிலோ இலண்டனிலோ இருந்து தமிழில் கதைக்கக்கூடியவர் கிடைத்தாலும் நல்லதுதான். தொலைவழியின் இலாபமே அது.

முதல் அழைப்பில் வெட்கப்படாமல் கேட்க வேண்டியவை: நாட்பட்ட நோவோடு வந்தவர்களுக்குச் சிகிச்சை கொடுத்த அனுபவம் உண்டா, எங்கே பதிவு செய்திருக்கிறார், மொத்தம் எத்தனை அமர்வு, ஒன்றுக்கு எவ்வளவு, பதிவுசெய்து வைக்கிறாரா, இணைப்பு அறுந்தால் யார் திருப்பி எடுப்பது. பெரும்பாலும் வாரம் ஒன்றாக ஆறு முதல் பன்னிரண்டு அமர்வுகள், முக்கால் மணியிலிருந்து ஒரு மணிநேரம். அறிகை நடத்தைச் சிகிச்சை என்பார் சிலர். ஏற்பு அர்ப்பணிப்புச் சிகிச்சை என்பார் சிலர். முன்னது நினைப்பையும் பழக்கத்தையும் திருத்தப் பார்க்கும். பின்னது நோவோடு மல்லுக்கட்டுவதை விட்டு, உங்களுக்கு வேண்டியதைச் செய்யப் பழக்கும். பிரித்தானியாவின் நைஸ் அமைப்பு 2021இல் வெளியிட்ட வழிகாட்டலில், வேறு காரணம் பிடிபடாத நாட்பட்ட நோவுக்கு இரண்டையுமே பரிசீலிக்கச் சொல்லியிருக்கிறது. எதைத் தெரிவது என்று நித்திரை முழிக்க வேண்டாம். மூன்று அமர்வில் வேரோடு பிடுங்கிவிடுவேன் என்கிறவரை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவரென்றால் மணிக்கூட்டில் கவனம். இலண்டனோடு எங்களுக்குள்ள வித்தியாசம் கோடையில் நாலரை மணி, குளிர்காலத்தில் ஐந்தரை மணி. ஒக்டோபர் கடைசி ஞாயிறும் மார்ச் கடைசி ஞாயிறும் அது மாறும். ரொறன்ரோவோடு ஒன்பதரை, பத்தரை. அங்கே மாறும் திகதிகளும் வேறு.

இடமும் நேரமும்

யாழ்ப்பாணத்து வீடுகளில் தொலைவழிச் சிகிச்சைக்கு எதிரி இணைய வேகம் இல்லை, திறந்த கதவு. அறைக்குள் இருந்து மெல்லிய குரலில் கதைத்தால் யாரோடு இரகசியம் என்று வரும். உரத்துக் கதைத்தால் வேலிக்கு அப்பால் போகும். நான் கிணற்றடிக்குப் பக்கத்து வேப்பமரத்தின் கீழ் கதிரை போட்டுக்கொண்டேன். வீட்டாருக்கு விசயத்தைச் சொல்லிவிட்டேன், அயலுக்குச் சொல்லவில்லை. யாராவது திடீரென்று வந்தால் சொல்ல ஒரு வசனத்தை உளவியலாளரோடு பேசி வைத்திருந்தேன்: "சரி, வினாத்தாளை நாளைக்கு அனுப்புகிறேன்." அதைக் கேட்டதும் அவர் பேசாமல் காத்திருப்பார். நீங்களும் உங்கள் தொழிலுக்குப் பொருந்திய வசனம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

கைத்தொலைபேசியை மடியில் வைத்துக் குனிந்து பார்க்காதீர்கள். கழுத்து நோவுக்குச் சிகிச்சை எடுக்கப் போய்க் கழுத்தைப் பிடிக்க வைத்த கதை என்னுடையது. பால்மா ரின் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கண்மட்டத்துக்கு உயர்த்திச் சாத்தினேன். இடையில் எழுந்து நடக்கலாம். ஒரு மணிநேரம் ஆடாமல் இருக்க யாரும் பரிசு தரப்போவதில்லை. ஹெட்செட் கட்டாயம் வேண்டும். காணொளிக்கு மணிக்கு அரை ஜிபிக்கு மேல் டேட்டா போகலாம், குரல் அழைப்புக்குக் கொஞ்சம் போதும். முதல் இரண்டு அமர்வையாவது முகம் பார்த்துச் செய்துவிட்டு, பிறகு குரலுக்கு மாறுங்கள். கோவில் திருவிழாக் காலத்தில் ஒலிபெருக்கி ஓயும் நேரத்தை முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது. நல்லூர் வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு இருபத்தைந்து நாளும் இந்தக் கவலை உண்டு.

சொற்களைச் சரிபார்த்தல்

இதற்கு எந்தக் கையேட்டிலும் இடமில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எனக்குக் கிடைத்தவர் சென்னையில் இருந்தார். பொறுமையான பிள்ளை, என்னை "டீச்சர்" என்றே அழைத்தார். முதல் அமர்வில், "இரவில் கை விறைக்கிறது" என்றேன். குறித்துக்கொண்டார். அடுத்த அமர்வில் தோளையும் முழங்கையையும் தளர்த்தும் பயிற்சி தந்தார். நானும் செய்தேன். மூன்றாம் அமர்வில்தான், "மடக்க முடியாத இறுக்கம் இப்போது குறைந்திருக்கிறதா டீச்சர்?" என்று கேட்டார். இறுக்கமா? நான் சொன்னது உணர்வு இல்லாமல் போவதை. அவருடைய ஊரில் விறைப்பு என்றால் கட்டைபோல இறுகுவது. உணர்விழப்பதை மரத்துப்போவது என்பார்களாம். அன்றைக்கே பயிற்சியை நிறுத்தி, கழுத்தில் நரம்பு அழுத்தப்படுகிறதா என்று வைத்தியரிடம் காட்டிவரச் சொன்னார். நல்ல காலம், அப்படி எதுவும் இல்லை. இருந்திருந்தால் இரண்டு கிழமை போயிருக்கும். அவருடைய பிழை என்று சொல்ல மாட்டேன். ஒரே மொழி என்ற நம்பிக்கையில் இரண்டு பேருமே கேட்காமல் விட்டோம்.

பிறகு இருவருமாக ஒரு பட்டியல் போட்டோம். நாரி என்றால் இடுப்பின் பின்பக்கம். உளைவு என்றால் உள்ளே நின்று குடைவது. குத்து என்றால் வந்து போவது. பஞ்சி என்ற சொல்லுக்கு அரைமணிநேரம் ஆனது. சோம்பல் என்று அவர் எழுதிக்கொண்டார்; அதற்குள் தயக்கமும் களைப்பும் மனமின்மையும் இருக்கிறதே. "எழும்பப் பஞ்சியாக இருக்கிறது" என்பதைச் சோம்பல் என்று எடுத்தால் உளச்சோர்வு கண்ணுக்குத் தப்பிவிடும். எனவே முதல் அமர்வுக்கு முன்பே, உங்கள் நோவுக்கு நீங்கள் வீட்டில் சொல்லும் சொற்களை எல்லாம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் உடம்பில் என்ன நடக்கிறது என்று ஒரு வரி போட்டு, வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

கொப்பி

அழைப்பு வாரத்தில் ஒரு மணிநேரம். மீதி நேரம் முழுவதும் கொப்பியின் பொறுப்பு. பிள்ளைகளை வீட்டுவேலை செய்யவில்லை என்று ஏசுகிற நான், முதல் கிழமை வெறுங்கொப்பியோடு அழைப்புக்குப் போனேன். "பரவாயில்லை டீச்சர், இப்போதே எழுதலாம்" என்றார். ஏசியிருந்தால் இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

முதல் வாரம் எதையும் மாற்றாமல் அளவுமட்டும் எடுங்கள். என்ன வேலை, எத்தனை நிமிடத்தில் நோவால் நிறுத்தினேன், முன்னும் பின்னும் பூச்சியத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு, இரவு நித்திரை எப்படி. அவ்வளவுதான். என் கொப்பி திருத்தல் முதல் வாரத்தில் மூன்று நாட்கள்: 40 நிமிடம், 25 நிமிடம், 55 நிமிடம். சராசரி 40. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 32. சுற்றிவிட்டு 30 என்று வைத்துக்கொண்டோம். இனி நல்ல நாளோ கெட்ட நாளோ, 30 நிமிடத்தில் அலாரம் அடிக்கும், சிவப்புப் பேனை கீழே போகும், பத்து நிமிடம் முற்றத்தில் நடை. ஒரு வாரம் பிசகாமல் நடந்தால் மூன்று நிமிடம் கூட்டலாம்.

கெட்ட நாளில் முப்பது நிமிடத்தை எட்டுவதுதான் கடினம் என்று நினைத்தேன். நல்ல நாளில் நிறுத்துவதுதான் கடினம். தோள் சும்மா கிடக்கிறது, இன்னும் ஆறு கொப்பிதான், முடித்துவிட்டு எழும்பலாமே என்று கை துருதுருக்கும். தைப்பொங்கலுக்கு முதல் நாள் வீடு முழுக்கக் கழுவிவிட்டு, பொங்கலன்று பானைக்குப் பக்கத்தில் நிற்க முடியாமல் படுத்துக் கிடந்தவர்களுக்கு இது விளங்கும். நோ விட்ட அன்று எல்லாவற்றையும் செய்து, அடுத்த மூன்று நாள் ஒன்றும் செய்யாமல் கிடந்தால், வேலை என்றாலே ஆபத்து என்று நரம்பு படித்துக்கொள்கிறது. நோவைப் பார்த்து நிறுத்தாதீர்கள், மணிக்கூட்டைப் பார்த்து நிறுத்துங்கள். தேங்காய் திருவுவது, கூட்டுவது, சைக்கிள் ஓடுவது எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. ஒரே நேரத்தில் இரண்டு வேலைக்குமேல் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சாய்மனைக் கதிரை

தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் நூறு வருடத்துக்கு முன்பே வகுத்துவிட்டார். சாய்மனைக் கதிரை அதற்கென்றே செய்தது போல. கையை ஐந்து செக்கன் பொத்துங்கள், விடுங்கள், அரை நிமிடம் அந்த விடுபடலைக் கவனியுங்கள். பிறகு முன்கை, முகம், வயிறு, கால். நோகிற தசையை மட்டும் இறுக்காமல் தளர்த்தினால் போதும். உளவியலாளரிடம் அவருடைய குரலில் பதினைந்து நிமிடப் பதிவு ஒன்று கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால், டேட்டா இல்லாத நாளிலும் உதவும்.

மனதில் ஓடும் வரி

கொப்பியில் ஐந்தாம் வாரம் இன்னொரு நிரல் வந்தது: நோ கூடும்போது மனதில் என்ன ஓடுகிறது. நான் எழுதியது, "இந்தத் தோளோடு இன்னும் இரண்டு வருடத்தில் நான் ஒன்றுக்கும் உதவாதவள்." அவர் அதை வாசித்துவிட்டு, ஒரு மாணவி விடைத்தாளில் இப்படி எழுதினால் எத்தனை புள்ளி போடுவீர்கள் என்று கேட்டார். ஆதாரம் இல்லை, புள்ளி இல்லை என்றேன், யோசிக்காமலே. சரியான விடையை எழுதச் சொன்னார். "சென்ற மாதம் 30 நிமிடம் திருத்தினேன், இந்த மாதம் 39. நோ இருக்கிறது. வேலையும் நடக்கிறது." சந்தோசமான வரி என்று சொல்ல முடியாது; ஆனால் உண்மையான வரி. நல்லதையே நினையுங்கள் என்று சொல்லித் தரும் ஆட்களிடம் இல்லாத நேர்மை இதில் இருக்கிறது.

எங்கள் ஊரில் இந்த நிரலில் வேறு விசயங்களும் வந்து விழும். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், இங்குள்ள மனத்துயர் பெரும்பாலும் உடம்பு வழியே கதைப்பதைப் பற்றி எழுதியிருக்கிறார். நாரியில் தொடங்கிய கதை இடம்பெயர்ந்த நாளுக்கோ, காணாமல் போன ஒருவருக்கோ போய் நிற்கலாம். வந்தால் வரட்டும், ஆனால் அவசரப்பட்டுத் திறக்க வேண்டியதில்லை. இதை இப்போது கதைக்க விருப்பமில்லை என்று சொல்லும் உரிமை உங்களுடையது. அழைப்பு முடிந்த பிறகு தனியே இருக்க முடியாமல் போனால், அந்தப் பகுதியை நேரில் பார்க்கக்கூடிய ஒருவரிடம் மாற்றித் தரச் சொல்லுங்கள். வாழப் பிடிக்கவில்லை என்ற நினைப்பு எட்டிப்பார்த்தால் அடுத்த அமர்வு வரை பொறுக்க வேண்டாம். இலங்கையின் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவிலும் பகலிலும் அழைக்கலாம்.

வீட்டாருக்கு

என் மகள் மணிக்கு ஒருதரம் "அம்மா, நோகுதா?" என்று கேட்பாள். அன்புதான். ஆனால் கேட்கக் கேட்க நான் தோளைத் தேடிப் பார்ப்பேன், அதுவும் இருக்கும். ஒரு அமர்வின் கடைசிப் பத்து நிமிடம் அவளையும் கூப்பிட்டு இருத்தினோம். அதற்குப் பிறகு "மணி அடித்ததா?" என்று மட்டும் கேட்கிறாள். குடத்தைக் கையிலிருந்து பறிப்பதையும் நிறுத்திவிட்டாள். பாதிக் குடம் நான் தூக்குவேன் என்பது ஒப்பந்தம்.

நோ கூடும் நாள்

வரும். மாரிக்குளிரிலோ, காய்ச்சல் வந்து போன பிறகோ, காரணமே இல்லாமலோ வரும். கடைசி அமர்வுக்கு முன் அதற்கென்று ஒரு அட்டை எழுதிவிடுங்கள். என்னுடையது அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கிறது:

முதல் நாள், எல்லா நேரத்தையும் பாதியாக்கு; பூச்சியம் ஆக்காதே. சாய்மனைக் கதிரைப் பயிற்சி மூன்று தரம். பகலில் படுத்தால் இருபது நிமிடம், அலாரத்தோடு.

இரண்டாம் நாளும் அப்படியே. மகளுக்குச் சொல்.

மூன்றாம் நாள் முக்கால்வாசி. ஐந்தாம் நாள் பழைய அளவு.

ஒரு கிழமை தாண்டியும் குறையாவிட்டால், அல்லது இதுவரை இல்லாத விதமாக நொந்தால், வைத்தியர்.

அட்டையின் கீழே ஒரு திகதி: கடைசி அமர்விலிருந்து மூன்று மாதம் கழித்து, மாலை ஐந்து மணி, அரைமணிநேர அழைப்பு. அதை அமர்வுகள் முடியும் முன்பே குறித்து வாங்கிவிடுங்கள். பிறகு கேட்கலாம் என்று விட்டால் கேட்கப் பஞ்சிப்படுவோம்.